நிலத்தை விற்ற ஊரும் 176 கார்களும்

2021 பிப்ரவரியில், பெருந்தொற்றுக் காலத்தின் சலிப்பில் உலகம் கைப்பேசித் திரையையே பார்த்துக் கிடந்தபோது, இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவா மாகாணத்திலிருந்து ஒரு காணொளி பரவியது. கிராமத்துச் சாலையில், புத்தம் புதிய கார்களை ஏற்றிய லாரிகள் வரிசையாக நுழைகின்றன. ஒரே நாளில் 17 கார்கள் அந்த ஊருக்கு வந்து இறங்கியதாகச் செய்தி. ஊரின் பெயர் சுமுர்கெனெங். துபான் மாவட்டத்தில் ஜெனு ஒன்றியத்தைச் சேர்ந்த சிறிய விவசாயக் கிராமம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு இழப்பீட்டுத் தொகை வந்திருந்தது. அதுவரை ஊரில் வாங்கப்பட்ட புதிய கார்கள் 176 என்று ஊர்த்தலைவர் செய்தியாளர்களிடம் கணக்குச் சொன்னார். இந்தோனேசிய ஊடகங்கள் அந்த ஊருக்குக் 'கோடீசுவரர் கிராமம்' என்று பெயர் சூட்டின.

நானும் அந்தக் காணொளியை நான்கு நண்பர்களுக்கு அனுப்பினேன். 'கையில் திடீர்ப் பணம் வந்தால் இப்படித்தான்' என்று ஒரு வரியையும் சேர்த்தே அனுப்பினேன். ஐந்தாண்டுகள் கழிந்த நிலையில், அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஜாவாவின் கிராமங்களில் நிலம் என்பது மீண்டும் பேசுபொருளாகியிருக்கிறது. வழிவழியாக வந்த பழைய நில ஆவணங்களைப் பதிவு செய்வதற்கு இந்தோனேசிய அரசு விதித்த ஐந்தாண்டுக் கெடு 2026 பிப்ரவரி 2 உடன் முடிவுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2025 ஆகஸ்டில், துபானுக்கு மேற்கே சிறிது தொலைவில் உள்ள பாத்தி மாவட்டத்தில், நில, கட்டட வரியை 250 விழுக்காடு வரை உயர்த்தியதை எதிர்த்து மக்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தனர். சுமுர்கெனெங் நிலத்தை வாங்கிய ஆலைத் திட்டமோ இன்னும் ஆலையாகவில்லை. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், 2021-இல் நாம் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது சற்று விளங்கும்.

அந்தக் காணொளிக்குச் சில ஆண்டுகள் முன்பு, சுரபாயாவிலிருந்து செமாரங் நோக்கிப் பேருந்தில் அந்த வழியாகச் சென்றிருக்கிறேன். ஜாவாவின் வடகடலோர நெடுஞ்சாலை அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு ஆளுநர் டேண்டல்ஸ், விவசாயிகளின் கட்டாய உழைப்பைக் கொண்டு போட்ட அஞ்சல் சாலையின் தடத்தில்தான் பெரும்பகுதி இன்றும் செல்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் சுண்ணாம்புப் பாறை மேடுகள். நெல்வயல்கள் அடுக்கடுக்காக இறங்கும் பசுமையான ஜாவா இதுவன்று. மழையை நம்பிய வறண்ட ஜாவா. மக்காச்சோளமும் மிளகாயும் நிலக்கடலையும் மழை வாய்த்தால் நெல்லும் விளையும் பூமி. சாலையோரம் வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு திடுக்கிடல். அவை பனைமரங்கள். நம் பனையேதான். துபானின் அடையாளமே அந்த மரம். அதன் பதநீரை அங்கே லெகென் என்கிறார்கள். கள்ளுக்குத் துவாக் என்று பெயர். பேருந்து நின்ற இடத்தில் மூங்கில் குவளையில் வாங்கிக் குடித்த பதநீரின் சுவை எனக்குப் புதிதாக இருக்கவில்லை. சுமுர் என்ற சொல்லுக்குக் கிணறு என்று பொருள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். தண்ணீர் அரிதான இடத்தில்தான் ஊர்ப்பெயரில் கிணறு வரும்.

இப்படிப்பட்ட ஊரில் நிலம் என்ன வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இழப்பீட்டுக் கணக்கில் நிலம் சதுர மீட்டராகவும், அதன்மேல் நிற்கும் பயிராகவும் மரமாகவும் கட்டடமாகவும் வருகிறது. ஊரின் கணக்கு வேறு. நிலம் உள்ளவர் எல்லாவற்றையும் தாமே உழுவதில்லை. ஒரு பகுதியை வாரத்துக்கு விடுகிறார். விளைச்சலில் பாதிக்குப் பாதி என்றால் ஜாவா மொழியில் மாரோ; உழுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் மெர்தெலு. நெல் அறுவடைக்கு வருபவர்களுக்கு விளைச்சலிலேயே பங்கு அளக்கும் வழக்கத்துக்குப் பாவோன் என்று பெயர். பணக்கூலியும் ஒப்பந்த அறுவடையும் இவற்றைப் பெரிதும் தேய்த்துவிட்டன. ஆனாலும் முற்றிலும் மறையவில்லை. நிலமே இல்லாதவர் பிறர் வரப்பில் புல் அறுத்து மாடு வளர்க்கிறார். அந்த மாடுகூடப் பெரும்பாலும் வாரத்துக்கு வந்ததுதான்: உரிமை ஒருவருடையது, வளர்ப்பு மற்றவருடையது, கன்றுகளில் பங்கு. ஊர்த்தலைவருக்கும் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்கு ஈடாக ஊர்ப்பொது நிலத்தில் ஒரு பகுதியை அனுபவிக்கக் கொடுக்கும் பெங்கோக் முறை ஜாவாவில் நெடுங்காலமாக உள்ளது. பதவிக்கான ஊதியமே நிலமாக இருந்த சமூகம் அது.

எனவே ஒரு ஹெக்டேர் நிலம் கைமாறும்போது ஒரு குடும்பத்தின் சொத்து மட்டும் கைமாறுவதில்லை. அதை நம்பி வாரத்துக்கு உழுத ஒருவர், களைக்கும் அறுவடைக்கும் வந்த சிலர், வரப்புப் புல்லை நம்பிய மாடு ஆகியவையும் அந்தக் கைமாற்றத்தில் அடங்கியிருக்கின்றன. இவர்களில் எவரும் பத்திரத்தில் இல்லை.

எண்களுக்கு வருவோம். சதுர மீட்டருக்கு 6 லட்சம் முதல் 8 லட்சம் ரூபியா வரை விலை கிடைத்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 3,000 முதல் 4,000 ரூபாய். சென்ட் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் முதல் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எவரும் கண்டிராத விலை. நிலம் கொடுத்த குடும்பத்துக்குச் சராசரியாக 800 கோடி ரூபியா வந்தது என்றனர். நம் பணத்தில் நான்கு கோடி ரூபாய். இந்தச் சராசரியைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், ஒரு குடும்பம் கொடுத்த நிலம் ஒரு ஹெக்டேருக்குச் சற்று மேல், அதாவது மூன்று ஏக்கருக்கு உள்ளே வருகிறது. ஊர்த்தலைவர் சொன்னபடி, ஊரில் இருந்த சுமார் 840 குடும்பங்களில் நிலம் விற்றவை 225 அளவில்தான். மீதமுள்ள 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்தக் காணொளியில் இல்லை. கோடீசுவரர் கிராமம் என்ற தலைப்பின் கீழ், ஊரில் நான்கில் மூன்று பங்கு வீடுகளுக்கு ஒன்றும் வரவில்லை என்ற செய்தி எளிதில் மறைந்துபோனது.

மறைந்துபோன இன்னொரு செய்தியும் உண்டு. என் கருத்தை மாற்றியது அதுதான். காரைப் பற்றிச் சொன்ன அதே ஊர்த்தலைவர், அதே பேச்சில், பணம் பெற்றவர்களில் 90 விழுக்காட்டினர் கார் வாங்கினர், 75 விழுக்காட்டினர் வேறு இடத்தில் நிலம் வாங்கினர், பாதிப் பேர் வீடு கட்டினர், தொழில் தொடங்கியவர்கள் மிகக் குறைவு என்று பட்டியலிட்டார். முதல் எண் உலகைச் சுற்றியது. இரண்டாவது எண் செய்தியின் கடைசிப் பத்தியில் தங்கிவிட்டது. நான்கில் மூன்று பேர் விற்ற நிலத்துக்குப் பதிலாக மீண்டும் நிலத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள்! இவர்களையா நாம் 'பணத்தின் அருமை தெரியாதவர்கள்' என்றோம்?

ஆனால் நிலத்தைத் தேடிப் போனவர்களுக்கு ஓர் இடர் காத்திருந்தது. பலர் ஒரே சமயத்தில், கையில் பெருந்தொகையோடு, ஒரே வட்டாரத்தில் நிலம் கேட்டு நிற்கும்போது விற்பவர் விலையை உயர்த்துவார். இது சந்தையின் இயல்பு. தம் ஊரில் விற்ற அளவை அடுத்த ஊரில் வாங்க முடியாது. தொலைவில் வாங்கினால் தினமும் போய் உழ முடியாது. ஜாவாவில் நிலம் எவ்வளவு அரிது என்பதற்கு 2023 வேளாண் கணக்கெடுப்பு சான்று. நாடு முழுவதும் அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்கள் 1 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். விவசாயக் குடும்பங்களில் 60 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. 2013-இல் இது 55 விழுக்காடு. இவர்களில் பெரும்பாலோர் வாழ்வது ஜாவாவில். இதை 1960-இல் இயற்றப்பட்ட நிலச்சீர்திருத்தச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேதனையே மிஞ்சும். ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் குறைந்தது இரண்டு ஹெக்டேர் கிடைக்க அரசு முயலும் என்றது அந்தச் சட்டம். அதை நடைமுறைப்படுத்தக் கோரிய விவசாய இயக்கங்கள் 1965-66 படுகொலைகளில் அழிக்கப்பட்டன. குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்ட அந்த மாதங்களுக்குப் பிறகு, நிலத்தைப் பிரித்துக் கொடு என்று உரக்கக் கேட்பதே ஜாவா கிராமங்களில் ஆபத்தான செயலாக ஒரு தலைமுறைக் காலம் இருந்தது.

கார்களுக்கு வருகிறேன். அவற்றை நியாயப்படுத்த வேண்டும் என்பது என் எண்ணமன்று. ஓட்டத் தெரியாமலே கார் வாங்கி, குறுகிய தெருவில் மோதி உரசிக்கொண்டவர்களும் இருந்தனர் என்று அப்போதே செய்தி வந்தது. ஆயினும் ஜாவா கிராமத்தில் கார் வெறும் ஆடம்பரம் என்று முடித்துவிட முடியாது. நகரங்களை விட்டு விலகினால் பொதுப் பேருந்து அரிது. சிற்றூர்களுக்கிடையே ஓடிய சிறு வேன்களும் மோட்டார் சைக்கிள் பெருகப் பெருகக் குறைந்துபோயின. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், முன்னால் ஒரு மூட்டை என்று ஒரே மோட்டார் சைக்கிளில் குடும்பம் போவது அன்றாடக் காட்சி. மழைக்காலத்தில் பிரசவ வலி எடுத்தால், முதியவருக்கு மூச்சு முட்டினால், ஊரில் கார் வைத்திருப்பவர் யார் என்பதுதான் முதல் கேள்வி. துபான் நகரில் சுனான் போனாங் என்ற இஸ்லாமிய ஞானியின் அடக்கத்தலம் இருக்கிறது. ஜாவா முழுவதிலிருந்தும் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு யாத்திரை வருவார்கள். திருமணத்துக்கு மணமகன் வீட்டார் ஊர்வலமாகச் செல்லவும் வண்டிகள் வேண்டும். ரம்ஜான் பண்டிகைக்கு ஊர் திரும்பும் முடிக் பயணத்தின் அளவு நமக்குக் கற்பனைக்கு எட்டாதது. 2024-இல் 19 கோடிப் பேர் அப்படிப் பயணிப்பார்கள் என்று அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் மதிப்பிட்டது. மக்கள்தொகையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல். சொந்தக் காரில் ஊருக்குள் நுழைவது, வாழ்க்கையில் ஒரு நிலைக்கு வந்துவிட்டதற்கான அடையாளம். நகரத்துக்குப் போன மகன் கார் வாங்கிக்கொண்டு ஊர் வந்தால் பெருமை; ஊரிலேயே இருந்த தகப்பன் கார் வாங்கினால் மட்டும் நகைப்பா?

இடையில் ஒன்று. சுமுர்கெனெங்கில் இறங்கிய கார்களில் பல இன்னோவா என்று படித்தேன். 1977-இல் இந்தோனேசியாவுக்கென்றே எளிய, மலிவான பயன்பாட்டு வண்டியாக வந்த டொயோட்டா கிஜாங்கின் வழித்தோன்றல் அது. கிஜாங் என்றால் மான். அந்த மானின் ஒரு தலைமுறைதான் குவாலிஸ் என்ற பெயரில் நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடியது. அந்த நாட்டு விவசாயி வெளிநாட்டுச் சொகுசுக் காருக்கு ஆசைப்பட்டார் என்று எண்ணிய நம்மவர்கள், பெரும்பாலும் தம் வீட்டு வாசலில் நிற்கும் அதே வண்டியைத்தான் அங்கேயும் கண்டிருக்கிறார்கள்.

கார் வாங்கியதற்கு இன்னொரு காரணத்தையும் ஊகிக்கிறேன். கிராமத்தில் ஒருவரிடம் ரொக்கம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அந்த ரொக்கம் அவருடையதாக நீடிப்பது கடினம். மைத்துனர் கடன் கேட்பார். விருந்துக்கும் பள்ளிவாசலுக்கும் பங்கு எதிர்பார்க்கப்படும். புதிய தொழிலில் கூட்டுச் சேர முகம் தெரியாதவர்கள் வருவார்கள். நிலமாக இருந்தவரை அந்தச் செல்வத்தை எவரும் கேட்க முடியவில்லை. பொருளாக மாற்றிவிட்டால் மீண்டும் கேட்க முடியாது. உடனே கிடைக்கக்கூடிய, எல்லோர் கண்ணிலும் படக்கூடிய, துண்டாக்கிக் கொடுக்க முடியாத பொருள் என்று பார்த்தால் காரும் வீடும்தான் மிஞ்சுகின்றன. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வந்துகொண்டிருந்த வருமானத்தை ஒரே நாளில் குவியலாக மாற்றிக் கையில் கொடுத்தால், அதைக் காப்பது எந்த மனிதருக்கும் கடினமே. படித்த, நகரத்து ஓய்வூதியர்கள் மொத்தத் தொகையை எப்படி இழக்கிறார்கள் என்பதை நாம் நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கவில்லையா?

குவியலாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? சொல்லவில்லை. பொதுநலனுக்கான நிலம் கையகப்படுத்துதல் குறித்த 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, இழப்பீட்டைப் பணமாகவோ, மாற்று நிலமாகவோ, மறுகுடியமர்த்தலாகவோ, நிறுவனப் பங்காகவோ, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வேறு வடிவிலோ தரலாம் என்கிறது. ஐந்து வழிகள். ஆனால் வழக்கில் நிற்பது பெரும்பாலும் முதல் வழி மட்டும். அதற்குக் காரணம் தெளிவு. மாற்று நிலம் தேடுவது அரசுக்கு வேலை. பங்கு கொடுப்பது நிறுவனத்துக்கு நீண்டகாலப் பிணைப்பு. பணம் கொடுத்தால் அன்றோடு கணக்கு முடிந்தது. மதிப்பீட்டாளர் விலையை நிர்ணயிக்கிறார், ஊர்க்கூட்டம் கூடுகிறது, ஏற்காதவர் 14 வேலைநாள்களுக்குள் மாவட்ட நீதிமன்றம் போகலாம், போகாவிட்டாலும் வழக்கில் தோற்றாலும் தொகை நீதிமன்றத்தில் கட்டப்படும், நிலம் போய்விடும். சுமுர்கெனெங்கிலும் அண்டை ஊர்களிலும் தொடக்கத்தில் பலர் மறுத்தார்கள். ஆர்ப்பாட்டங்களும் வழக்குகளும் நடந்தன. மகிழ்ச்சியோடு விற்றுவிட்டுக் கார் வாங்கக் கிளம்பினார்கள் என்ற சித்திரத்தில் அந்த ஆண்டுகளுக்கு இடமில்லை. அப்போது அங்கே ஒரு கேமராவும் பெரிதாகப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2022 ஜனவரி 24 அன்று அவ்வூர் மக்களும் அண்டைக் கிராமத்தவரும் ஆலைத் திட்ட அலுவலகத்தின் முன் திரண்டனர். நிலம் கொடுத்தால் வேலை கிடைக்கும் என்று சொன்னீர்களே, எங்கே என்பது அவர்களின் கேள்வி. பணம் கரைந்துவிட்டது, சாப்பாட்டுச் செலவுக்கு மாடுகளை விற்கிறேன் என்று முதியவர் ஒருவர் செய்தியாளர்களிடம் சொன்னார். உடனே இரண்டாவது சுற்றுத் தலைப்புகள் வந்தன: 'கோடீசுவரர்கள் ஆண்டியானார்கள்'. முதல் தலைப்பு எவ்வளவு சோம்பேறித்தனமானதோ, இரண்டாவதும் அவ்வளவே. நிலமும் வீடும் வாங்கி நிலைத்தவர்களும் அவ்வூரில் இருந்தனர். ஆனால் விவசாயம் தவிர வேறு தொழில் பழகாத ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு, கையில் மண்வெட்டி பிடிக்க இடமில்லாமல் போனதே உண்மையான இழப்பு. எண்ணெய் ஆலையில் அவர்களுக்கு என்ன வேலை கிடைத்திருக்கும்? காவல், துப்புரவு, கட்டுமானக் கூலி. அதுவும் ஒப்பந்தக்காரர் மனம் வைத்தால்.

சரியாக ஒரு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷியா உக்ரைனுக்குள் படை நடத்தியது. அந்தத் தேதிக்கும் சுமுர்கெனெங்குக்கும் தொடர்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் எண்ணெயைச் சுத்திகரிக்கத் திட்டமிடப்பட்ட அந்த ஆலை, இந்தோனேசிய அரசு நிறுவனமான பெர்த்தமினாவும் ரஷியாவின் ரோஸ்நெப்டும் 2017-இல் தொடங்கிய கூட்டு முயற்சி. போரைத் தொடர்ந்து வந்த தடைகளால் நிதி, தொழில்நுட்பம், இயந்திரங்கள் எல்லாம் சிக்கலாயின. கட்டத் தொடங்கலாம் என்ற இறுதி முதலீட்டு முடிவு ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் அமெரிக்கா ரோஸ்நெப்ட் மீது நேரடியாகத் தடை விதித்தது. மக்காச்சோளம் விளைந்த நிலம் சமன்செய்யப்பட்டு வேலிக்குள் கிடக்கிறது. மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் எடுக்கப்படும் முடிவுகள், ஜெனு ஒன்றியத்து வாரக்குத்தகைக்காரரின் அடுப்பை எப்படித் தொடும் என்பதை நிலம் வாங்க வந்த அலுவலர்கள் கூட்டத்தில் விளக்கியிருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது. தெரியாததன் விலையை யார் சுமப்பது என்பதை மட்டும் ஒப்பந்தம் தெளிவாக முடிவு செய்திருந்தது.

இந்தோனேசியாவின் நிலப்பதிவு பற்றியும் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகளாக ஜாவா விவசாயி தம் நிலத்துக்குச் சான்றாக வைத்திருந்தது கிரிக், பெத்தோக் போன்ற பெயர்களில் வழங்கும் பழைய வரித்தாள்கள்தாம். கிராம அலுவலகத்தில் இருக்கும் 'லெட்டர் சி' என்ற பேரேட்டில் பெயர் இருக்கும். நம் ஊரில் பட்டா இல்லாமல் கிஸ்தி ரசீதை மட்டும் பெட்டியில் வைத்திருந்த தாத்தாக்களை நினைத்துக்கொள்ளலாம். வாங்கல் விற்றல் பெரும்பாலும் சாட்சிகள் முன்னிலையில், ஒரு ரசீதோடு முடியும். நாட்டில் 12 கோடியே 60 லட்சம் மனைகள் இருக்க, 4 கோடியே 60 லட்சத்துக்குத்தான் உரிமைச் சான்றிதழ் இருந்தது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்ற வேகத்தில் கொடுத்தால் மீதியை முடிக்க 160 ஆண்டுகள் ஆகும் என்று முன்னாள் அதிபர் ஜோகோ விடோடோ மேடைதோறும் சொல்வார். 2017 முதல் முழு வீச்சில் ஊர் ஊராகப் பதிவு நடந்தது. அது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. சான்றிதழ் கையில் இருப்பவரை ஏமாற்றுவது கடினம். வங்கியில் கடன் கிடைக்கும். உடன்பிறந்தார் வழக்குகள் குறையும்.

அதன் மறுபக்கம்தான் இந்த ஆண்டுப் பிப்ரவரிக் கெடு. 2021-ஆம் ஆண்டு அரசு விதி எண் 18-இன்படி, பழைய தாள்கள் இனி உரிமைச் சான்றாகக் கொள்ளப்படமாட்டா; பதிவுக்கு உதவும் குறிப்பு என்ற அளவிலேயே மதிக்கப்படும். பதிவு செய்யாத நிலத்தை அரசு பறித்துக்கொள்ளாது என்று அமைச்சகம் பலமுறை விளக்கியது. அந்த விளக்கத்தை நம்பலாம். என் கவலை பறிப்பதைப் பற்றியதன்று. தந்தை பெயரில் தாள், ஐந்து பிள்ளைகள், அவர்களில் இருவர் மலேசியாவில் கூலி வேலையில்: இப்படிப்பட்ட குடும்பம் எல்லோர் கையெழுத்தையும் திரட்டிப் பதிவு செய்வதற்குள், அந்த நிலத்தின்மேல் தெளிவான தாளோடு இன்னொருவர் வந்து நிற்கும் வாய்ப்பு இருக்கிறது. சாலையோ ஆலையோ வரப்போகும் இடங்களில் அது கூடுதலாகவே இருக்கும்.

பதிவேட்டில் ஏறிய நிலத்துக்கு விலை எழுதப்படுகிறது. விலை எழுதப்பட்ட நிலத்துக்கு வரி. பாத்தியில் 2025 ஆகஸ்டு 13 அன்று நடந்தது இதன் விளைவு. மத்திய அரசு மாவட்டங்களுக்கான நிதியைச் சுருக்க, மாவட்ட நிர்வாகங்கள் தம் கையில் இருக்கும் நிலவரியின் பக்கம் திரும்பின. பாத்தியின் ஆட்சித்தலைவர் மக்கள் கொதிப்பைக் கண்டு உயர்வைத் திரும்பப் பெற்ற பிறகும் கூட்டம் கலையவில்லை. அவர் பதவி விலக வேண்டும் என்று கோரியது. விற்கவே நினைக்காத ஒருவருக்கு நிலத்தின் சந்தை விலை உயர்ந்தால் என்ன பயன்? அதே சோளம்தான் விளைகிறது. வரி மட்டும் சந்தையைப் பின்தொடர்கிறது. சுமுர்கெனெங்கைச் சுற்றியுள்ள ஊர்களில் விற்காமல் வைத்திருப்பவர்களும் இந்த அழுத்தத்திலிருந்து நெடுநாள் தப்ப முடியாது.

எல்லா ஆலைகளையும் சாலைகளையும் எதிர்க்கும் கூட்டத்தில் நான் இல்லை. எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு சொந்தமாகச் சுத்திகரிப்பு ஆலை கட்ட விரும்புவது நியாயமே. துபானில் சிமெண்ட் ஆலையும் அனல்மின் நிலையமும் வந்ததால் வேலை பெற்ற இளைஞர்களும் உண்டு. நான் கேட்பது எளிய சிலவற்றை. நிலம் கேட்டு வருவோர், பணத்தை நீட்டுமுன் மாற்று நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரட்டும்; 75 விழுக்காட்டினர் எதைத் தேடிப் போனார்கள் என்பது இப்போது தெரிந்த செய்தி. முழுத் தொகையையும் ஒரே நாளில் வங்கிக் கணக்கில் போடாமல், ஒரு பகுதியை ஆண்டுதோறும் வரும் வருமானமாகத் தரும் வழியை ஊர்க்கூட்டத்திலேயே வெளிப்படையாக முன்வைக்கட்டும். சட்டத்தின் ஐந்தாவது வழி அதற்கு இடம் தருகிறது. விரும்பாதவர் மறுக்கலாம். ஆலை குறித்த காலத்தில் எழும்பாவிட்டால், நிலம் வேலிக்குள் சும்மா கிடக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் பழைய உழவர்கள் அதில் பயிரிடலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பட்டியல் வேண்டும். இன்று நிலம் எடுக்கும் குழு ஊருக்குள் வந்ததும் உரிமையாளர் பெயர், பரப்பளவு, நிற்கும் மரங்கள், கட்டடங்கள் என்று எழுதுகிறது. பனைமரத்துக்குக்கூட விலை உண்டு. அந்தப் பனையில் ஏறிப் பதநீர் இறக்கியவர் நிலத்துக்காரராக இல்லாவிட்டால் அவர் பெயருக்கு அந்தப் படிவத்தில் பத்தியே இல்லை. சுமுர்கெனெங்கின் 840 குடும்பங்களில் கார் வாங்காத, நிலம் விற்காத, செய்தியிலும் வராத அந்த 600 குடும்பங்களில் எத்தனை குடும்பங்கள் விற்கப்பட்ட நிலத்தில் வேலை செய்து வாழ்ந்தன என்ற கணக்கை, கார்களை ஒவ்வொன்றாக எண்ணிய எவரும் இன்றுவரை கேட்கவில்லை. 2021-இல் நானும் கேட்கவில்லை.